முகம் காட்டாத விமர்சனம்

ஜெயபாரதிக்குச் சினிமா என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். பல்லடம் சாலையில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். பார்த்த படத்தைப் பற்றிச் செல்போனில் பேசி, முகம் காட்டாமல் குரலை மட்டும் யூடியூபில் போடுவாள். சாமளாபுரத்தில் வீட்டை ஒட்டிய ஷெட்டில் கணவன் வேலுமணி தறி ஓட்டிக்கொண்டிருக்கும்போது, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள். அவனுக்கு இது தெரியாது. சொன்னால் சிரிப்பானோ என்று கூச்சம்.

பேய்ப் படங்கள் அவளுக்குப் பிடிக்கும். ஆனால் இடைவேளைக்கு முன்பே பேயைக் காட்டிவிட்டால் அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது என்பாள். திருவிழாச் சண்டை வரும் கிராமத்துப் படங்களில் ஆட்டுக்கறிக் குழம்பு மட்டும் நன்றாக இருப்பதாகச் சொல்வாள். கறுப்பான பெண்ணைக் கேலி செய்யும் காமெடிக்கு அவளிடம் மன்னிப்பே கிடையாது. எல்லோரும் ஓடாது என்று ஒதுக்கிய ஒரு சின்னப் படத்தை, பஸ்ஸில் போகும் ஒரு தாயும் மகளும் பேசாமலே சமாதானமாகும் கதையை, இரண்டு தடவை பார்த்துவிட்டு அழுத குரலோடு பேசியிருந்தாள். கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

அந்தப் பெரிய நடிகரின் புதுப்படம் வந்தபோதுதான் எல்லாம் மாறியது. படத்தில் கதாநாயகன், மில் வேலை முடிந்து போகும் பெண்ணின் பின்னாலேயே வீடுவரை வருவான். பாட்டு வரும். அவள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். “ஷிப்ட் முடிஞ்சு நடந்து வாரவளுக்கு அது காதல் இல்லீங்க, பயமுங்க. அதுக்குப் பாட்டுப் போடாதீங்க,” என்று பேசினாள் ஜெயபாரதி. அந்தத் துண்டை மட்டும் யாரோ வெட்டிப் பரப்பிவிட்டார்கள்.

வசவுகள் வந்து குவிந்தன. முதலில் அவள் அதையெல்லாம் படிக்காமல் தள்ளினாள். பிறகு ஒருவன் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. பின்னால் கேட்பது தறிச் சத்தம், பேச்சு கொங்குப் பேச்சு, சோமனூரா சாமளாபுரமா என்று கேட்டிருந்தான். அதற்கு இன்னொருவன், தேடிவிடலாம் என்று பதில் போட்டிருந்தான். அவள் எழுந்து சமையலறை ஜன்னலைச் சாத்தினாள்.

மறுநாளிலிருந்து கம்பெனியில் அவள் வாய் திறப்பதைக் குறைத்துக்கொண்டாள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சைகையில் சொன்னாள். இஸ்திரி போடும் அயர்ன் மாஸ்டர் தீனதயாளன் அந்த நடிகரின் ரசிகர் மன்றத்தில் முக்கியமான ஆள். டீ நேரத்தில் அவன் தன் போனில் அந்தத் துண்டைப் போட்டு எல்லோருக்கும் கேட்கவைத்தான். யாரோ சிரித்தார்கள், யாரோ திட்டினார்கள். தீனதயாளன் மட்டும் தலை நிமிர்ந்து செக்கிங் டேபிள் பக்கம் பார்த்தான். அவள் குனிந்து, கையிலிருந்த பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துணி எது, தையல் எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது பின்னால் ஒரு பைக் மெதுவாக வந்தது. அவள் ஓரமாக நின்றாள். அதுவும் நின்றது. நடந்தாள், அதுவும் நகர்ந்தது. கோயில் முக்கில் ஆள் நடமாட்டம் தெரிந்ததும்தான் திரும்பிப் பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியவன் தீனதயாளன்.

அவனுக்கும் வியர்த்திருந்தது. கம்பெனியில் வைத்துப் பேசினால் நாலு பேர் காதில் விழும், அதனால்தான் பின்னால் வந்தேன் என்றான். மன்றத்துப் பையன்கள் தெருவைக் கண்டுபிடித்துவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலுக்கு வந்து லைவ் போடப் போகிறார்கள், சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை என்றான்.

“எனக்கும் உங்க மேல கோவந்தானுங்க, அக்கா. ஆனா ஒரு பொம்பளை ஊட்டு வாசல்ல போயி கும்பலா நிக்கறது எனக்குப் புடிக்கலீங்க. அந்த வீடியோவை யூடியூபுல இருந்து எடுத்துப்போடுங்க.”

வீட்டுக்கு வந்தவள் நேராகத் தறி ஷெட்டுக்குப் போனாள். வேலுமணி அவள் முகத்தைப் பார்த்ததும் தறியை நிறுத்தினான். மறைத்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. போனை வாங்கி, நூல் மூட்டை மேல் உட்கார்ந்து முழுசாகக் கேட்டான். பிறகு, அவளோடு பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வருகிறவர்கள் யாராவது உண்டா என்று கேட்டான். இல்லை என்றாள்.

“எடுத்துப்போடட்டுமாங்க?” என்றாள்.

“உனக்கு எடுக்கோணும்னு தோணுனா எடு. எனக்காக எடுக்காதே.”

அவள் எடுக்கவில்லை. தைரியத்தால் அல்ல, ஒவ்வொரு முறையும் விரல் டெலிட் பட்டன்வரை போய்த் திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும் முன்பே பைக்குகள் வந்துவிட்டன. ஜெயபாரதி உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றாள். ஜன்னல் இடுக்கில் போன்களும் பேனரும் தெரிந்தன. அவள் வெளியே வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கத்தினார்கள். ஒருவன் இரும்பு கேட்டை உதைத்தான். கதவைத் திறக்க அவளால் முடியவில்லை.

வேலுமணி கேட்டுக்கு உள்ளேயே நின்று பேசினான்.

“ஏனுங்க தம்பீங்களா, எனக்கு அந்தப் படம் புடிச்சுதுங்க. என்ற சம்சாரத்துக்குப் புடிக்கலீங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே ஊட்டுலதானுங்க இருக்கறோம்.”

பக்கத்துத் தறிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சுவரோரம் நின்றார்கள். பையன்கள் இன்னும் கொஞ்ச நேரம் கோஷம் போட்டார்கள். பிறகு வீட்டை முழுசாகப் படம் பிடித்துக்கொண்டு, வாசல் பல்பை உடைத்துவிட்டுப் போனார்கள்.

அதோடு பயம் போய்விடவில்லை. வீடு எது என்பது இப்போது ஊருக்கே தெரியும். பஸ் ஸ்டாப்புக்கு வேலுமணி வந்து கூட்டிப் போகிறான். தீனதயாளன் அவளிடம் பேசுவதில்லை. ஆனால் அந்தத் துண்டைக் கம்பெனியில் யாரையும் மறுபடி போட விடுவதில்லை.

சில வாரம் கழித்து இருவரும் பல்லடத்தில் ஒரு படத்துக்குப் போனார்கள். சுவர் முதுகில் படும்படி கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். இடைவேளையில் பாப்கார்ன் வாங்க நின்ற கூட்டத்தில், படம் எப்படி என்று வேலுமணி கேட்டான். அவள் முன்னும் பின்னும் பார்த்தாள். பக்கத்தில் நின்றவனின் டீசர்ட்டில் எந்த நடிகரின் படமாவது இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு வேலுமணியின் காதோரம் வந்து மெல்லச் சொன்னாள்.

“முதல் பாதி ஒரே இழுவைங்க.”

“எனக்கு அப்பிடித் தெரியலையே,” என்றான் அவன்.