நோட்டீஸ் அம்மா வீட்டு பால்கனி

கடையைத் திறந்ததும் தையல்காரர் முதலில் கையில் எடுப்பது கத்தரிக்கோல் அல்ல, துடைப்பம். வாசற்படிக்கு வெளியே நடைபாதையில் மாவு சிந்தியதுபோல் வெள்ளைத் தூள் கிடக்கும். சில நாள் அதோடு பட்டாணி அளவில் சில்லுகளும் கிடக்கும். அவசர அவசரமாகக் கூட்டி, வெட்டுத் துணிகளோடு சேர்த்துப் பையில் கட்டிவிடுவார். மனைவி மாடியிலிருந்து இறங்கி வேலைக்குக் கிளம்புவதற்குள் இந்தக் கள்ளத்தனம் முடிந்திருக்க வேண்டும். முடிந்த பிறகு ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார். தலைக்கு மேலே பால்கனி. பால்கனியில் அப்பா.

மனைவிக்கு நகராட்சியில் வேலை. கொசு, எலி, இரைச்சல், சாக்கடை, இடிந்து விழப்போகும் சுவர் என்று ஊரில் யாருக்கு எது தொல்லையோ, அதெல்லாம் அவள் தலையில்தான் வந்து விடியும். தெருவில் அவளுக்கு நோட்டீஸ் அம்மா என்று பெயர். பயந்துபோய் வைத்த பெயர்தான், போகப்போகப் பாசமும் ஒட்டிக்கொண்டது. அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. சட்டம் என்ன சொல்கிறதோ அதை ஒரே வாக்கியத்தில் சொல்வாள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பாள். எதிரில் இருப்பவர் கத்துவார், கெஞ்சுவார், தெரிந்த பெரிய மனிதர்களின் பெயரையெல்லாம் இழுப்பார், கடைசியில் தொண்டை வற்றி அவளையே பார்ப்பார். அவள் அப்போதும் நின்றுகொண்டுதான் இருப்பாள். மரம் அறுக்கும் பட்டறைக்காரர் அப்படித்தான் வழிக்கு வந்தார். இப்போதெல்லாம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் அங்கே ரம்பம் வாயைத் திறக்கிறது. எதிர்வரிசை டயர் கடைக்காரரிடம் மட்டும் கொஞ்சம் விளையாடினாள். அவருடைய பழைய டயர்களில் தேங்கிய தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அவர் மேசைமேலேயே வைத்து, "நீங்க வளக்கிற பிள்ளைங்கதான், நல்லாப் பாத்துக்கங்க" என்றாள். பாட்டிலுக்குள் கொசுப்புழுக்கள் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தன. மறுநாளே டயர்கள் கூரைக்குள் போய்ச் சேர்ந்தன. இந்தக் கதையை அளவெடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியும் தையல்காரருக்கு அலுக்கவில்லை. தனக்கு வாய்த்தவள் லேசுப்பட்ட ஆளில்லை என்பதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

கட்டடம் பார்க்கப் போகும்போது அவள் கைப்பையில் ஒரு சின்னச் சுத்தியல் இருக்கும். அதை வைத்துத் தட்டுவாள். 'டங்' என்றால் கட்டடம் கெட்டி. 'டொப்' என்றால் உள்ளே பூச்சு பிரிந்துவிட்டது, விழ நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த இரண்டு சத்தமும் தெரு முழுக்கப் பிரசித்தம். சொந்த வீட்டு பால்கனியை மட்டும் அவள் தட்டிப் பார்த்ததே இல்லை.

அதற்குக் காரணம் அப்பா. முழங்கால் போனதிலிருந்து அவருக்கு உலகம் என்றால் அந்த பால்கனிதான். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரம்வரை அங்கேதான். கீழே போகிறவர்களிடம் சேதி கேட்டு, வருகிறவர்களுக்கு அதைக் கொஞ்சம் கண், மூக்கு வைத்துச் சொல்வார். காது மந்தம் என்பதால் குரல் மட்டும் தெருமுனைவரை போகும். வானொலி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்த வானொலியில் அதிகம் ஒலிபரப்பானது மருமகள் புகழ்தான்.

"எம் மருமகளா? தப்புன்னா தப்புதான். சொந்தக்காரன், வேண்டியவன்னு பாக்கவே மாட்டா!"

கீழே தையல்காரர் துடைப்பத்தை மெஷினுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிற நேரமாகப் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. நனையாமலிருக்கப் பிள்ளைகள் கும்பலாக பால்கனிக்குக் கீழே ஒண்டின. தையல்காரருக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை. உள்ளே கூப்பிடலாமா என்று வாயெடுத்தவர், தைத்து மாட்டியிருந்த வெள்ளைச் சட்டைகளைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். அப்போதுதான் மனைவி குடையோடு வந்து சேர்ந்தாள். வந்தவள் ஒரு சிறுமியின் தலையைப் பார்த்து நின்றுவிட்டாள். ஈரமான கறுப்பு முடியில் வெள்ளைத் தூள். விரலால் துடைத்தாள். துடைத்ததை இரண்டு விரலுக்கிடையில் நெருடிப் பார்த்தாள்.

"எல்லாரும் கடைக்குள்ள போங்க கண்ணுங்களா. சட்டைங்க நனைஞ்சா பரவால்ல, போங்க."

பிள்ளைகள் உள்ளே நெருக்கியடித்து நின்றன. அவள் கடை முக்காலியை வெளியே இழுத்துப் போட்டு ஏறினாள். கைப்பையிலிருந்து சுத்தியலை எடுத்து, தன் வீட்டு பால்கனியின் அடிவயிற்றில் தட்டினாள்.

டொப்.

"யாருடா அது?" என்றது மேலேயிருந்து குரல்.

"நான்தான் மாமா."

மறுபடி தட்டினாள். ஓரத்தில், நடுவில், சுவரோடு சேர்கிற இடத்தில். எங்கேயும் 'டங்' கேட்கவில்லை.

மழை விட்டுப் பிள்ளைகள் கலைந்த பிறகு அவள் கேட்டாள். "எத்தன நாளா கூட்டிட்டிருக்கீங்க?"

தையல்காரர் இஞ்சி தின்ற குரங்குபோல் விழித்தார். "உனக்குத் தெரியுமா?"

"ஊர்ல எல்லாரு வீட்டையும் அண்ணாந்து பாக்குறவ, நம்ம வீட்டுக்கு வர்றப்ப மட்டும் தரையப் பாத்தே நடந்திருக்கேன். நீங்க துடைப்பத்த ஒளிச்சீங்க. நான் சுத்தியல ஒளிச்சேன். அவ்ளோதான் வித்தியாசம்."

"அப்பா எங்கம்மா போவாரு?"

எதையாவது சொல்லிவிட்டு வாய்மூடி நிற்பவளைத்தான் அவருக்குத் தெரியும். ஒன்றுமே சொல்லாமல் அவள் நின்றதை அன்றுதான் பார்த்தார்.

சொந்த வீட்டுக்கு அவளே நோட்டீஸ் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அதனால் எல்லோரையும்போல அலுவலகத்தில் வரிசையில் நின்று, தன் வீட்டின்மேல் தானே புகார் கொடுத்தாள். பார்க்க வந்தவர் அவளோடு வேலை செய்கிற மொட்டைத்தலைக்காரர். கெடுபிடியான மனிதர் என்று பெயரெடுத்தவருக்கே மனசு கேட்கவில்லை. "பெரியவர் இருக்காரேம்மா, கொஞ்ச நாள் தள்ளிப் போடலாமா?" என்று காதோரம் கேட்டார்.

"பக்கத்து வீடா இருந்தா தள்ளிப் போடுவீங்களா சார்?"

அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு நோட்டீஸை ஒட்டினார். நடைபாதையைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினார். மாடிக்குப் போய்ச் சொல்ல வேண்டியதை மட்டும் அவள் யாரிடமும் விடவில்லை.

"மாமா, இது கீழ நிக்கிறவங்க தலையில விழுந்துரும், இனிமே யாரும் இங்க உக்காரக் கூடாது."

சொல்லிவிட்டு நின்றாள். தையல்காரர் கதவோரம் ஒதுங்கினார்.

"எந்தப் புண்ணியவான் புகார் குடுத்தான்?" என்றார் அப்பா.

"நான்தான் மாமா."

அப்பா தட்டுத்தடுமாறி எழுந்து, பிடிக்கவந்த மகன் கையைத் தட்டிவிட்டு, நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு உள்ளே போனார். சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

அதோடு வானொலி நின்றுவிட்டது. மகனிடம் இரண்டொரு வார்த்தை உண்டு. மருமகளிடம் அதுவும் இல்லை. அவள் வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டார், அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. "என்ன, வானொலி ரிப்பேரா?" என்று தெருவில் கேட்டவர்களுக்குத் தையல்காரர் பல்லைக் காட்டி வைத்தார். ஒருநாள் சமையலறையில் குழாய் வெகுநேரமாக ஓடுகிறதே என்று போய்ப் பார்த்தால், கழுவப் பாத்திரம் ஒன்றும் இல்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"நான் செஞ்சது தப்பாங்க?"

"தப்புன்னு சொல்லணும்னு ஆசையாத்தான் இருக்கு. வாய் வரமாட்டேங்குது" என்றார். அவள் மேல் அவருக்கு இருந்த மரியாதை அந்த நிமிஷம் பயமாகவே மாறியது. தன்னால் இந்த ஜென்மத்தில் செய்ய முடியாத காரியம் அது.

இடிக்கிற அன்று அப்பாவை நாற்காலியோடு தூக்கிவந்து எதிரே டயர் கடையில் உட்காரவைத்தார்கள். "பொணத்தத் தூக்குற மாதிரி தூக்காதீங்கடா" என்று வழியெல்லாம் வைதார். பெரிய வேலையே இருக்கவில்லை. மேலிருந்து நாலு போடு போட்டதும் பால்கனி ஒரு பக்கமாகத் தொங்கி, மொத்தமாக வந்து நடைபாதையில் உட்கார்ந்தது. தூசி அடங்கியதும் வேலையாள் ஒருவர் அதிலிருந்த துருப்பிடித்த கம்பி ஒன்றைக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினார். அப்பா அதை வாங்கி இரண்டு விரலால் மடக்கினார். காய்ந்த குச்சிபோல் முறிந்தது. முறிந்த துண்டைப் பார்த்தார், பிறகு மழைக்குப் பிள்ளைகள் ஒண்டுகிற இடத்தைப் பார்த்தார்.

மாடிக்குத் தூக்கப் போனபோதுதான் வாயைத் திறந்தார். "திரும்ப அந்தச் செவத்தப் பாக்க என்னால ஆகாது. கட்டிலக் கடைக்குள்ள கொண்டாந்து போடு."

கட்டில் துணி அலமாரிக்குப் பின்னால் வந்தது. நாற்காலி வாசற்படிக்கு வந்தது. பால்கனி போன இடத்தில் வெயில் தாராளமாக இறங்கியது. போகிறவர்கள் இப்போது அண்ணாந்து கத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்தே பேசினார்கள். வானொலி மெல்ல மெல்ல உயிர்பெற்றது. மருமகள் வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் மட்டும் சட்டென்று மௌனமாகிவிடும். அவள், "போய்ட்டு வரேன் மாமா" என்பாள். அப்பா கைத்தடியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படியொரு சாயங்காலம், யாரும் பேச்சுக்கு அகப்படாத நேரத்தில், அப்பா சும்மா இருக்கமாட்டாமல் கைத்தடியால் கடையின் நிலைக்குப் பக்கத்துச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார். டங். டங். தையல்காரர் அந்தத் தாளத்துக்கே பெடலை மிதித்தார்.

டொப்.

பெடல் நின்றது. அப்பா அதே இடத்தில் இன்னொரு தடவை தட்டினார். டொப். பூச்சு ஒரு சில்லு பெயர்ந்து, வெள்ளைத் தூள் வாசற்படியில் கொட்டியது. தையல்காரரின் கை அவரைக் கேட்காமலேயே மெஷினுக்குப் பின்னால் போய்த் துடைப்பத்தைப் பிடித்தது.

"அத வை" என்றார் அப்பா.

"இல்லப்பா, வாசல்ல குப்பையா..."

"வைடா. அவ வர்ற நேரந்தான்."

தெருமுனையில் அவள் திரும்பிக்கொண்டிருந்தாள். வெயிலில் அலைந்து களைத்த நடை. அப்பா கைத்தடியின் நுனியை அந்த 'டொப்' மேலேயே அழுத்தி வைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, பழைய பால்கனிக் குரலில் கூவினார்.

"மருமகளே! இங்க வந்து இவன் லட்சணத்தப் பாரு!"

அவள் நின்றாள். அப்புறம் கை தன்னால் கைப்பைக்குள் போக, எட்டி நடை போட்டு வர ஆரம்பித்தாள். வாசற்படியில் வெள்ளைத் தூள் விழுந்தது விழுந்தபடி கிடந்தது.