மடைவாய் நின்று பட்ட

சித்தப்பா ஜெயவேலு எப்போதும் போனில் சத்தமாகத்தான் பேசுவார். அன்றைக்கு அனுப்பிரியாவிடம் குரலைத் தணித்துப் பேசினார்.

"பாப்பா, கோச்சுக்காத. ஏரிய வெட்டிவுட சொல்லிட்டாங்கோ. என் பொக்லைனத்தான் கூப்ட்டுக்கிறாங்கோ. உன் கல்லு கீதே, அந்த எடத்துலதான்."

"வேற எடமே இல்லையா சித்தப்பா?"

"இருந்தா உனக்கு இன்னாத்துக்கு போன் போட்றேன்? வர்றதுன்னா சீக்கிரம் வா."

அவள் மழைக்கோட்டைப் பாதி மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கீழ்க்கட்டளைத் தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எதிரே யாரோ ஒரு நாயைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். மழை விடுவதாக இல்லை.

அனுப்பிரியா தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். அப்பாவும் சித்தப்பாவும் ஒரு காலத்தில் ஒட்டந்தாங்கல் ஏரித் தண்ணீரில் நெல் போட்டவர்கள். நிலமெல்லாம் வீடாகிவிட்டது, அப்பா போய்விட்டார், சித்தப்பா மண் அள்ளும் வண்டி வாங்கிப் பிழைத்துக்கொண்டார். அவள் மட்டும் அந்த ஏரியை விட்டு அகலவில்லை. அகலமுடியாதபடி செய்தது அந்தக் கல்.

ஆவணியில் கரையின் மேல் மண்டியிருந்த முட்புதரை வெட்டிச் சுத்தம் செய்தபோது அது தலை காட்டியது. கரையின் வெளிச்சரிவில், மண்ணுக்குள் நட்டுவைத்த கருங்கல் பலகை. எப்போதோ தூர்ந்துபோன பழைய மதகு ஒன்றின் முகப்பில் அது நின்றிருக்க வேண்டும். வெளியே தெரிந்த பாதியில் எழுத்து. பத்தாம் நூற்றாண்டு எழுத்து என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சோழ அரசன் ஒருவனின் ஆட்சியாண்டு, ஊரின் பெயர், அதன் பிறகு ஒரு வரி: 'இவ்வேரி உடைந்த பெருவெள்ளத்து மடைவாய் நின்று பட்ட'.

அதோடு மண்.

மடைவாய் என்றால் மதகின் வாய். பட்ட என்றால் இறந்த. இறந்தது யார் என்பது அடுத்த வரியில், மண்ணுக்குள் இருந்தது. அந்த உயிருக்கு ஈடாக ஊரார் நிலம் விட்ட செய்தியும் அதற்குக் கீழே இருக்கும். அரசர்களையும் கோயில்களையும் பற்றி ஆயிரக்கணக்கில் கல்வெட்டுகள் உண்டு. வெள்ளத்தில் மதகை அடைக்கப் போய்ச் செத்த ஒரு சாதாரண ஆளை ஊரே கூடிக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. அந்தப் பெயரைப் படிக்காமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் கல்லைத் தோண்டினால் கரையைத் தோண்ட வேண்டும். மழைக்காலத்தில் கரையில் கை வைக்க ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள், அது நியாயமும்கூட. தை பிறக்கட்டும் என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

கரையேறிப் பார்த்தபோது ஏரி கண்ணுக்கு எட்டிய மட்டும் சேற்று நிறத்தில் கிடந்தது. உபரித் தண்ணீர் வழிந்தோட வேண்டிய கலங்கலை அடுக்குமாடிகள் அடைத்து வெகுகாலமாகிறது. போக்கிடம் இல்லாத தண்ணீர் ஏரிக்குள்ளேயே கட்டியிருந்த காலனிக்குள் பின்வாங்கி ஏறிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கமோ கரை ஊறிப்போய்ச் சரியத் தொடங்கியிருந்தது. தானாக உடைந்தால் கீழே இருக்கும் பழைய ஊர் மொத்தமும் போகும். பழைய மதகுக்கு நேர் கீழே மட்டும்தான் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகும் கால்வாய் இன்னும் உயிரோடு இருந்தது. வெட்டினால் அங்கேதான் வெட்ட வேண்டும்.

பொக்லைன் ஏற்கெனவே சரிவில் இறங்கியிருந்தது. உள்ளே டிரைவர், வெளியே ஜெயவேலு. பக்கத்தில் குடையில்லாமல் பொதுப்பணித்துறையின் இளம் பொறியாளர் ஒருவர் நின்றிருந்தார்.

"சார், அரை மணி நேரம் குடுங்க. கல்லை முழுசா வெளிய எடுத்துடலாம்."

"கரை அரை மணி தாங்குமான்னு யாராலயும் சொல்ல முடியாது மேடம்."

"அதுல இருக்கறதை இன்னும் யாருமே படிக்கலை. உடைஞ்சா அவ்வளவுதான் சார். திரும்ப எங்கயும் கிடைக்காது."

கரையில் கூடியிருந்த கூட்டத்திலிருந்து ஒரு குரல், "கல்லைக் கட்டிக்கினு அழுவுதே, ஆளுங்கோ சாவுறது தெரியல?" என்றது. அவளுக்குக் காது சுட்டது.

அப்போதுதான் ஒரு பெரியவர் முன்னால் வந்தார். வேட்டி நெஞ்சுவரை நனைந்திருந்தது. காலனியில் இருக்கும் அனந்தகிருஷ்ணன். கல் கிடைத்த புதிதில் தினமும் வந்து நின்று, இது என்ன எழுத்து, அது என்ன எழுத்து என்று கேட்டவர். இப்போது அவர் கல்லைப் பார்க்கவே இல்லை.

"அம்மா, என் ஒய்ஃப் பக்கவாதத்துல படுத்துண்டிருக்கா. மேஜைமேல கட்டிலைத் தூக்கிப் போட்டு ஏத்தி வச்சிருக்கோம். போட் வரும் வரும்னு ஃபயர் சர்வீஸ்ல காலையிலேர்ந்து சொல்றா. உள்ள இழுப்பு ஜாஸ்தியா இருக்காம், வர முடியலையாம். இன்னும் கொஞ்சம் ஏறினா அவளை நான் எங்க தூக்கி வைப்பேன்?"

அவர் கை கூப்பினார். தன்னைவிட எவ்வளவோ மூத்தவர் தன் முன்னால் கை கூப்பி நிற்பதை அவளால் தாங்க முடியவில்லை. ஆனாலும், அந்தக் கணத்திலும், படகு எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடாதா, இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்காதா என்றுதான் மனம் கணக்குப் போட்டது. ஒரு அம்மாள் கட்டிலில் மூழ்கப் போகிறாள், நான் ஒரு வரிக்காகப் பேரம் பேசுகிறேன். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"வெட்டச் சொல்லுங்க சித்தப்பா," என்றாள்.

ஜெயவேலு அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு பொறியாளரிடம் திரும்பினார்.

"சார், கல்ல எடுக்காம எப்டியும் வெட்ட முடியாது. முன்னாடி மண்ண வாரிட்டு, சங்கிலி போட்டு இஸ்துட்றேன். உன் வேலையும் ஆவும், என் பொண்ணு வேலையும் ஆவும்."

பொறியாளர் தலையை ஆட்டினார்.

வண்டி கல்லுக்கு முன்னால் மண்ணை வாரியது. வாரிய இடத்தில் உடனே தண்ணீர் சுரந்தது. கரைக்குள்ளிருந்து கசிந்து வந்த தண்ணீர், குழம்பு மாதிரி. கல்லின் கீழ்ப்பாதி வெளியே வந்தது. வந்த வேகத்திலேயே அந்தக் குழம்புக்குள் மூழ்கியது. அனுப்பிரியா செல்போனை நீட்டினாள். திரையில் பழுப்பைத் தவிர ஒன்றும் இல்லை. கல்மேல் காகிதம் ஒற்றி மைப்படி எடுக்கவோ வழியே இல்லை.

டிரைவர் சங்கிலியை எடுக்கப் போன நேரத்தில் அவள் குழிக்குள் இறங்கிவிட்டாள்.

"பாப்பா! இன்னா பண்ற நீ? மேல வா!"

இடுப்பளவு தண்ணீர். அவள் உட்கார்ந்தாள். தாடைவரை சேறு வந்தது. இரண்டு கையையும் கல்லில் வைத்து, தெரிந்த கடைசி வரியிலிருந்து விரலைக் கீழே இறக்கினாள். வழவழவென்று பாசி. நகத்தால் சுரண்டினாள். எழுத்து தட்டுப்பட்டது.

கண்ணுக்குப் பழகிய எழுத்து விரலுக்குப் பழகவில்லை. முதலில் வெறும் பள்ளமும் மேடும்தான். ஆட்காட்டி விரலை வெட்டின் வழியே மெதுவாக ஓட்டினாள். கா. அடுத்தது ட. அதற்கடுத்து ஒரு சுழி, இன்னொரு சுழி, கீழே இறங்கும் கோடு. காடன். அவளுக்கு மூச்சு வாங்கியது. காடன் என்று ஒருவன். அவன்தானா?

"சங்கிலி போட்டாச்சு! ஏறி வாம்மா, உன் கால்ல வுழறேன்!"

"ஒரு நிமிஷம் சித்தப்பா!"

ம. க. பிறகு ஓர் எழுத்து. காடன் மகன் என்றுதான் இருக்கும் என்று விரலை வேகமாகக் கடத்தியவள் நின்றாள். திரும்ப வந்தாள். ன என்றால் கடைசிக் கோடு சுழியோடு ஒட்டிக்கொண்டு இறங்க வேண்டும். இங்கே ஒரு கால் தனியாக நின்றது. மறுபடி தடவினாள். தனியாகத்தான் நின்றது. ள்.

மகள்.

பட்ட என்ற சொல் ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். இத்தனை மாதம் எல்லோரும், அவளும் சேர்த்து, ஓர் ஆணைத்தான் அந்த மடைவாயில் நிற்க வைத்திருந்தார்கள். விரல் அடுத்ததற்கு ஓடியது. பூ. தி. பூதி. அந்தக் காலத்தில் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு அந்தப் பெயர்.

அதற்குக் கீழே இன்னும் வரிகள் இருந்தன. அவள் கையை ஆழத்துக்கு விட்டாள். கல்லின் பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. மண் முனகுமா என்று நினைப்பதற்குள் யாரோ அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து மேலே இழுத்தார்கள். ஜெயவேலு. வலியில் அவள் அலறினாள். அவர் விடவில்லை. சேற்றில் தரதரவென்று இழுத்துக்கொண்டே, "இஸ்துடா டேய்!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினார்.

சங்கிலி விறைத்தது. கல் அசைந்தது, சாய்ந்தது. அவள் உயிரையெல்லாம் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படாரென்று ஒரு சத்தம். மேல்பாதி சங்கிலியோடு வந்தது. கீழ்ப்பாதி அங்கேயே நின்றது. அதன் பின்னால் இருந்த கரை, ஊறிய ரொட்டித் துண்டைப்போல, ஒன்றுமில்லாமல் கரைந்தது. ஏரி அந்த வாய் வழியே ஒரே உறுமலாகக் கால்வாய்க்குள் பாய்ந்தது. கீழ்ப்பாதி எப்போது போனது என்று அவள் பார்க்கவே இல்லை.

கரைமேல் ஜனங்கள் கைதட்டினார்கள். அனந்தகிருஷ்ணன் காலனிப் பக்கம் ஓடினார். அனுப்பிரியா சேற்றில் உட்கார்ந்து, "பூதி, காடன் மகள் பூதி," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். மறந்துவிடக்கூடாதே என்ற பயம் அவளுக்கு.

சாயங்காலத்துக்குள் காலனியில் தண்ணீர் வடியத் தொடங்கியது. படகு உள்ளே போய் அனந்தகிருஷ்ணனின் மனைவியைத் தூக்கி வந்தது. அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். அனந்தகிருஷ்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து அழுதார். அனுப்பிரியாவும் அழுதாள். அவர் தனக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். பாதி அது உண்மைதான்.

தை மாதம் ஜெயவேலு யாரும் சொல்லாமலே வண்டியைக் கால்வாய்க்குள் இறக்கினார். சதுப்பின் ஓரம்வரை வண்டலைக் கிளறிப் பார்த்தார்கள். பிளாஸ்டிக்கும் கட்டட இடிபாடும் வந்தன. கருங்கல் வந்தபோதெல்லாம் அவள் ஓடிப்போய்க் கழுவிப் பார்த்தாள். எழுத்துள்ள கல் ஒன்றும் வரவில்லை.

"பொம்பளையா இருந்துகிறா, இல்ல பாப்பா?" என்று ஒரு நாள் கால்வாய் மேட்டில் டீ குடித்துக்கொண்டே கேட்டார் ஜெயவேலு.

"ஆமா சித்தப்பா."

"தண்ணி வர்ச்சொல்லோ ஓடாம நின்னுகினு இருந்தாளே. எனக்கு அன்னிக்கு கையும் ஓடல, காலும் ஓடல."

அவளுக்கு ஆராய்ச்சி வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் காந்திமதி, கட்டுரையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லலை அனு. போட்டோ இல்லை, மைப்படி இல்லை, அந்தக் கீழ்ப்பாதிக் கல்லே இல்லை. தண்ணிக்கடியில விரல் படிச்சதை எப்படிம்மா அச்சுல போடறது? அதுவும் ஒரே எழுத்து. ன-வா ள-வாங்கறதுல மொத்தமும் நிக்குது. நாளைக்கு எவனாவது கேட்டா நீ என்ன காட்டுவே?"

"என்னைத்தான் காட்டணும் மேடம்."

"அது சாட்சி இல்லைம்மா."

கல்வெட்டுப் பாடத்தில் சிதைந்த பகுதிக்குப் புள்ளிகள் இடுவது வழக்கம். 'மடைவாய் நின்று பட்ட' என்பதற்குப் பிறகு அனுப்பிரியா புள்ளிகளைத் தட்டினாள். வரி முடியும்வரை தட்டினாள். கட்டுரை வெளிவந்தது. நல்ல கண்டுபிடிப்பு என்று நாலு பேர் சொன்னார்கள். உடைமடையை அடைத்து உயிர்விட்ட வீரன் என்று ஒருவர் மேற்கோள் காட்டி எழுதினார்.

சித்திரையில் ஒரு பிற்பகல், ஆசிரியர் அறையில் யாரும் இல்லாத நேரம், அவள் மேசைமேல் கண்ணை மூடிக்கொண்டு ஆட்காட்டி விரலை ஓட்டிப் பார்த்தாள். ம. க. அடுத்தது வந்தது, கால் தனியாக நின்றது. நிம்மதியாக இருந்தது. சரிபார்க்கலாம் என்று இன்னொரு முறை ஓட்டினாள். இந்த முறை விரல் எங்கே திரும்ப வேண்டும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. மேசை மழமழவென்று இருந்தது. வியர்த்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.