தாடிக்கார ஜாடி

யூலியானாவின் வலது கை ஜாடிக்குள் மாட்டிக்கொண்டது.

அவள் வேலை செய்யும் வீட்டின் இத்தாலிய முதலாளி, அவள் ‘சிஞ்ஞோரே’ என்று அழைப்பவர், தூசி மட்டும் தட்டச் சொல்லியிருந்தார். ஆனால் எந்தப் பாத்திரமானாலும் அடிவரை கைவிட்டுத் தேய்த்தால்தான் அவளுக்குக் கழுவியதாகத் தோன்றும். ஈரத்தில் வழுக்கிக்கொண்டு உள்ளே போன கை, திரும்பும்போது பெருவிரலடியில் இறுகிவிட்டது.

ஜெர்மனியில் சுட்ட கல்மண் ஜாடி. கழுத்தில் ஒரு தாடிக்காரனின் முகம். அமெரிக்காவில் முதலில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் இதிலிருந்துதான் பியர் ஊற்றிக் குடித்தார்களாம். வர்ஜீனியாவில் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து முழுசாக எடுத்தது என்று, வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் சிஞ்ஞோரே சொல்லுவார்.

பல்லரோ சந்தை மீன்கடையில் வேலைக்கு நின்ற கணவன் றொனி, போன் போனதும் ஓடிவந்தான். சவர்க்காரம், ஒலிவ எண்ணெய், ஐஸ் எல்லாம் பார்த்தாயிற்று. இழுக்க இழுக்கக் கை வீங்கியது.

“நானூறு வருசமாக் குடிக்க ஒண்டுமில்லாமல் கிடந்தவன். கிடைச்ச கையை விடுவானே?”

“உங்கடை பகிடியும் நீங்களும்! விரல் விறைக்குது.”

“சுத்தியல் எடுக்கட்டே?”

“ஐயோ, வேண்டாம்! நாளைக்குத்தான் அந்தாள் என்ரை வேலை ஒப்பந்தத்திலை கையெழுத்து வைக்கப்போறார். அது இல்லாட்டி இங்கை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க ஏலாது.”

மொண்டெல்லோ கடற்கரையிலிருந்து திரும்பிய சிஞ்ஞோரே, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கீறல் இல்லை. பழம்பொருள் திருத்தும் நண்பர் ஒருவரை அழைத்துப் பேசினார்.

“காலையில் வருவார். அதுவரை இந்தக் கதிரையிலேயே இரு. அசையாதே.”

யூலியானா இருந்தாள். உள்ளே விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கப் பார்த்தாள். சுண்டுவிரல் இருப்பதாகவே தெரியவில்லை. எழுந்தாள்.

“எங்கே?”

“ஆஸ்பத்திரிக்கு.”

“என் ஜாடி?”

“அதுவும் வருது, சிஞ்ஞோரே. நீங்களும் வாங்கோ.”

தெருவில் ஒரு பக்கம் றொனி. மறுபக்கம் சிஞ்ஞோரே, இரண்டு கைகளாலும் ஜாடியின் அடியைத் தாங்கியபடி பக்கவாட்டில் நடந்து வந்தார். அவள் நின்றால் அவரும் நிற்க வேண்டியிருந்தது.

வைத்தியர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். “இனித் தாமதித்தால் விரல்களுக்கு ஆபத்து. உடைக்கவா?” என்று சிஞ்ஞோரேயைக் கேட்டார்.

அவர் ஜாடியின் அடியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

யூலியானாவுக்கு நாளைய கையெழுத்து நினைவுக்கு வந்தது.

“டொத்தோரே,” என்றாள். “முதலிலை அவரைக் கையை எடுக்கச் சொல்லுங்கோ. பிறகு உடையுங்கோ.”