கம்பவுண்டரின் வெள்ளணுக்கள்

யுத்த காலம். குளிர்காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரைக்கு மரப்பட்டை விளையும் ஜாவாத் தீவை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்ட பிறகு அரியலூருக்கு அந்த மாத்திரை வருவது நின்றுபோனது. குளிர்காய்ச்சல் மட்டும் நிற்கவில்லை. டாக்டர் புஷ்பவல்லியின் சின்ன ஆஸ்பத்திரிக்கு நடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் கம்பவுண்டர் வைத்திலிங்கம் சிவப்பு மிக்சரை ஊற்றிக் கொடுத்து அனுப்பிவைப்பார். அவர்கள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நேரே எதிர்ப்புறத்துப் புங்கமரத்தடிக்குப் போவார்கள். அங்கே செங்கமலம் கஷாயப் பானையோடு உட்கார்ந்திருப்பாள்.

செங்கமலம் பெரம்பலூருக்கு அந்தப் பக்கம் பச்சைமலை அடிவாரத்துக்காரி. பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் நிலவேம்புக் கட்டுகளோடு வந்து இறங்குவாள். அவள் காய்ச்சும் கஷாயம் தார் மாதிரி இருக்கும். குடித்தவன் முகம் கோணுவதைப் பார்த்தே அடுத்தவனுக்கு நம்பிக்கை வந்துவிடும்.

வைத்திலிங்கத்துக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"டாக்டரம்மா, நம்ம மருந்தையும் குடிச்சுட்டு அங்க போயி அதையும் குடிக்கிறானுங்க. சொகமாச்சுன்னா பேரு அவளுக்கு, ஆவலன்னா பேரு நமக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா இன்னிக்கே கெளப்பி வுட்டுடலாம்."

மெட்ராசில் படித்துவிட்டுச் சொந்த ஊர்ப்பக்கமே திரும்பி வந்தவள் புஷ்பவல்லி. எதையும் சட்டென்று தள்ளிவிடுகிற சுபாவம் அவளுக்கு இல்லை. மைக்ராஸ்கோப்பின் பித்தளைக் குழாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"கெளப்பறதுக்கு முன்னாடி அந்தக் கஷாயம் என்னதான் பண்ணுதுன்னு பாத்துடலாங்க. நம்ம ரத்தத்துல வெள்ளணுன்னு இருக்கு. ஒடம்புக்குக் காவக்காரங்க மாதிரி. வெளியிலேர்ந்து வர்ற கிருமியைப் புடிச்சுத் தின்னுடும். கஷாயம் பட்டா அதுங்க நல்லாத் தின்னுதா, சுருண்டுடுதா? அதைப் பாப்போம்."

"திங்கறதுக்குக் கிருமிக்கு எங்க போறதுங்க?"

"நோய்க்கிருமி வேணாம், ஆபத்து. கள்ளுப் பொங்குதே, அதைப் பொங்க வைக்கிற ஈஸ்ட் போதும். கொஞ்சம் கள்ளு வாங்கிட்டு வந்துடுங்க."

வைத்திலிங்கம் ஆடிப்போனார். சனிக்கிழமைதோறும் பஜனையில் ஜால்ரா போடுகிற மனிதர் அவர். கள்ளுக்கடை இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காதவர். ஆனாலும் டாக்டரம்மா சொல்லைத் தட்டமுடியாமல், காலி மிக்சர் பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு உச்சிவெயிலில் கிளம்பினார். குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார். முகம் மறைந்தது. ஆனால் அந்த ஒட்டுப்போட்ட குடை யாருடையது என்று தெரியாதவர் அரியலூரில் யாரும் இல்லை. அவர் திரும்பி ஆஸ்பத்திரிப் படி ஏறுவதற்குள் சேதி அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

புஷ்பவல்லி கள்ளைத் தெளியவைத்து, அடியில் தங்கிய வண்டலை உப்புநீரில் கழுவி எடுத்தாள். எதிர்ப்புறம் போய்ச் செங்கமலத்திடம் ஒரு கிண்ணம் கஷாயம் கேட்டு வாங்கி வடிகட்டி, பாதியைக் கெட்டியாகவே வைத்துக்கொண்டாள். மீதியில் நிறைய உப்புநீர் சேர்த்து நீர்க்கவைத்தாள்.

"இப்ப காய்ச்சல் இல்லாத ஆளோட ரத்தம் வேணும்."

வைத்திலிங்கம் அறையைச் சுற்றிப் பார்த்தார். அவரைத் தவிர வேறு யாரும் இல்லை. விரலை நீட்டினார்.

ரத்தச் சொட்டு மைக்ராஸ்கோப்பில் வைக்கிற மூன்று கண்ணாடிச் சில்லுகளில் ஏறியது. ஒன்றில் வெறும் உப்புநீர், ஒன்றில் கெட்டிக் கஷாயம், ஒன்றில் நீர்த்த கஷாயம். எல்லாவற்றிலும் ஈஸ்ட். "இதை ஒடம்புச் சூட்டுலயே வச்சிருக்கணும். மெட்ராஸ்ல அதுக்குன்னு பொட்டி இருக்கு," என்றாள் புஷ்பவல்லி. "அரியலூர்ச் சித்திரைக்குப் பொட்டி எதுக்கு?" சில்லுகளை ஈரத்துணி போட்ட தட்டில் மூடி ஜன்னலோரம் வைத்தாள்.

அரைமணி நேரம் கழித்து, கெட்டிக் கஷாயச் சில்லை முதலில் வைத்து வைத்திலிங்கத்தைப் பார்க்கச் சொன்னாள். அவர் ஆசையோடு குனிந்தார். வெள்ளணுக்கள் உருண்டு திரண்டு அசையாமல் கிடந்தன. பக்கத்திலேயே ஈஸ்ட் மணிகள் தீண்டுவாரில்லாமல் சிதறிக் கிடந்தன. செங்கமலத்தின் பானை தோற்றுவிட்டது. சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால், சுருண்டு கிடக்கிற அத்தனையும் தன்னுடையவை என்ற நினைப்பு வந்ததும் அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. தம் பிள்ளைகள் பட்டினியோடு படுத்துக் கிடப்பதைப் பார்த்ததுபோல் இருந்தது.

"அடுத்ததைப் பாருங்க," என்று நீர்த்த கஷாயத்தை வைத்தாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு வெள்ளணு மெல்ல ஒரு பக்கம் நீண்டது. ஈஸ்ட் மணி ஒன்றை வளைத்தது. அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது. அதன் வயிற்றில் ஏற்கனவே இரண்டு மூன்று மணிகள் இருந்தன.

"தின்னுடுச்சும்மா," என்றார். "இன்னொண்ணுக்கும் போவுது."

அந்த நேரத்தில்தான் அவர் மனைவி கொளஞ்சியம்மாள் உள்ளே வந்தாள். வந்த வேகத்தில் வாசல்மணி தானாக ஆடியது.

"ஏங்க, கள்ளுக்கடைக்குப் போனீங்களா? பக்கத்து வூட்டு அய்யம்பெருமாள் பாத்தேங்கறாரு. பஜனை மடத்துல இனிமே எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு நிப்பீங்க?"

"போனேன். குடிக்க இல்ல. இதுங்களுக்கு ஊட்டறதுக்கு," என்று வைத்திலிங்கம் மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். அந்தப் பதில் கொளஞ்சியம்மாளின் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது.

புஷ்பவல்லி சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளை முக்காலியில் உட்காரவைத்து, கண்ணைக் குழாயில் பொருத்தச் சொன்னாள். எது என்ன என்று விளக்கினாள். கொளஞ்சியம்மாள் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்தாள்.

"இது இவரு ரத்தமா?"

"அவரோடதுதாங்க."

"வூட்டுல ரெண்டு இட்லிக்கு மேல எறங்கலம்பாரு. இங்க பாத்தா இந்தத் தீனி திங்குது," என்றாள். கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

புஷ்பவல்லி செங்கமலத்தையும் கூப்பிட்டு மூன்று சில்லுகளையும் காட்டினாள். கெட்டிக் கஷாயத்தைப் பார்த்ததும் செங்கமலத்தின் முகம் வாடியது.

"நான் காய்ச்சினதாம்மா இப்படி ஆக்கிடுச்சு?"

"கண்ணாடியில நடக்கறது வேற, வயித்துக்குள்ள போயி நடக்கறது வேறங்க. உப்புத்தண்ணியில இருந்ததும் தின்னுச்சு. தண்ணி கலந்த கஷாயத்துல கொஞ்சம் சுறுசுறுப்பாத் தின்னுது. ஒரு நாள் பாத்ததை வச்சு மேல ஒண்ணும் சொல்லமாட்டேன்."

மறுநாள் தன் ரத்தத்திலும் அதற்கடுத்த நாள் செங்கமலத்தின் ரத்தத்திலும், பிறகு மாற்றி மாற்றிப் பல நாளும் பார்த்தாள். கெட்டிக் கஷாயம் ஒவ்வொரு முறையும் அணுக்களைச் சுருட்டியது. நீர்த்தது சில நாள் உற்சாகம் கொடுத்தது, சில நாள் வெறும் உப்புநீரைப் போலத்தான் இருந்தது. புஷ்பவல்லி அதை அப்படியே சொன்னாள். செங்கமலம் யோசித்துவிட்டு, தண்ணீரைக் கூட்டிக் காய்ச்ச ஆரம்பித்தாள். கசப்பு போதவில்லை என்று முறையிட்டவர்களிடம், "கெட்டியாக் குடிச்சா உள்ள இருக்கற காவக்காரன் படுத்துடுவானாம், டாக்டரம்மா கண்ணாடியில காட்டினாங்க," என்றாள். குளிர் எடுத்து நடுங்குகிறவர்களை மட்டும், "மொதல்ல எதிர்ல போயி ரத்தம் காட்டிட்டு வாங்க," என்று அனுப்பினாள். முன்பே வாங்கிப் பூட்டி வைத்திருந்த கொஞ்சக் கொய்னாவும் அதனால் உண்மையில் வேண்டியவர்களுக்கே போய்ச் சேர்ந்தது.

அவளைக் கிளப்புகிற பேச்சை வைத்திலிங்கம் பிறகு எடுக்கவில்லை. அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது. கொளஞ்சியம்மாள் தெருமுழுக்கச் சொல்லி வைத்ததில், காய்ச்சல் இல்லாதவர்களும் தங்கள் வெள்ளணுவைப் பார்க்க வந்து நின்றார்கள். சாயங்காலமானால் வைத்திலிங்கம் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்த அணு எப்படித் தின்னும் என்று விளக்குவார். நடுவில் தன்னுடைய அணுக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வார்.

வைகாசியில் ஜெயங்கொண்டத்திலிருந்து மதுரைவீரன் என்கிற முந்திரித்தோப்புக்காரர், வெட்கத்தில் நெளிகிற ஓர் இளைஞனை இழுத்துக்கொண்டு வந்தார். புஷ்பவல்லி என்ன உடம்புக்கு என்று கேட்டாள்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்கம்மா. எம்மவளுக்குப் பாத்திருக்கற மாப்புள்ள. சாதகம் பொருந்திடுச்சு. வெள்ளணு எப்படித் திங்குதுன்னு ஒரு பார்வை பாத்துச் சொல்லிட்டீங்கன்னா, தட்டு மாத்திடலாம்."

புஷ்பவல்லி வாயைத் திறப்பதற்குள், வைத்திலிங்கம் குடையை எடுத்துக்கொண்டு கள்ளுக்கடைக்குக் கிளம்பிவிட்டார். இந்தத் தடவை குடையை நன்றாகத் தூக்கியே பிடித்திருந்தார்.