கயாவில் விட்ட பழம்

கொளஞ்சியம்மாள் ஊற்றிய பால் தில்லையம்மாளின் கடைவாயில் வழிந்து தலையணையை நனைத்தது. பொன்னுரங்கம் துண்டின் நுனியால் மனைவியின் கன்னத்தை ஒற்றி எடுத்தார். கட்டிலருகே போட்டிருந்த நாற்காலியில் அவர் விடிந்ததிலிருந்து முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு சொட்டு உள்ள எறங்க மாட்டேங்குதே" என்றாள் கொளஞ்சியம்மாள். பக்கத்து வீட்டுக்காரி. புவனகிரியில் அந்தத் தெருவில் யாருக்குக் கடைசிப் பால் ஊற்றுவதானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

சிதம்பரத்தில் டாக்டர் முந்தின நாளே கையை விரித்துவிட்டார். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் என்ன அர்த்தம் என்று பொன்னுரங்கத்துக்குத் தெரியும். கடலூரிலிருந்து மகள் வினோதினி முதல் பஸ்ஸில் வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். தில்லையம்மாளின் தம்பி பழனிவேல் வாசற்படிக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தான். இரண்டாயிரத்துப் பதினொன்றாம் வருடத்துக் கத்திரி வெயில் காலையிலேயே ஓட்டுக்கு மேல் ஏறி நின்றது.

சாமான் அறையிலிருந்து மாம்பழ வாசம் வந்தது. போன வாரம் தில்லையம்மாள் கட்டிலில் படுத்தபடியே சொல்லச் சொல்ல, பழனிவேல் தோட்டத்து மரத்தில் காய் பறித்து வைக்கோலில் அடுக்கினான். இப்போது எல்லாம் ஒன்றாகப் பழுத்திருந்தன. சாகக் கிடப்பவளின் அறையில் அந்த வாசம் நிறைந்திருப்பது முறையில்லாத ஒன்றாகப் பொன்னுரங்கத்துக்குப் பட்டது. அறைக் கதவைச் சாத்தச் சொன்னார். சாத்திய பிறகும் வந்தது.

"அப்பா, அம்மாவுக்குப் பழம் பிழிஞ்சு ஒரு சொட்டு ஊத்திப் பாக்கலாமா?" என்றாள் வினோதினி, மெதுவாக.

"விட்டது விட்டதுதான்" என்றார் அவர்.

விட்டது இரண்டாயிரத்து நான்கில். புவனகிரியிலிருந்து ஒரு கூட்டமாகக் காசிக்குப் போனார்கள். கயாவில் ஆலமரத்தடியில் பிண்டம் வைத்து முடித்ததும், பிடித்த பழம் ஒன்றை இனித் தொடுவதில்லை என்று விட்டுவிட வேண்டும் என்றார் அங்கே காரியம் செய்துவைத்த பண்டா. புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே சங்கல்பம், புருஷன் சொன்னால் போதும். கூட்டத்தில் ஒருவர் அத்தி என்றார். ஒருவர் நாவல் என்றார். பழனிவேல் விளாம்பழம் என்றதும் அவன் மனைவியே சிரித்துவிட்டாள். அவன் அதை வாயில் வைத்து யாரும் பார்த்ததில்லை. பொன்னுரங்கத்துக்கு முகம் சிவந்தது. முன்னோரை ஏமாற்ற இத்தனை தூரம் ரயிலேற வேண்டுமா? அவர் நிமிர்ந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, மாம்பழம் என்றார். கூட்டம் அடங்கிப்போனது. தில்லையம்மாள் அவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு குனிந்து தண்ணீரை வார்த்தாள்.

ஊர் திரும்பியதும் மாம்பழத்தையே விட்டவர் என்று பேச்சு பரவியது. கல்யாணப் பந்தியில் அவர் இலையில் மட்டும் பழம் வைக்காமல் போவார்கள். அது அவருக்கு ஒரு மாலை மாதிரி இருந்தது.

அப்போதே தோட்டத்தில் மரம் வளர்ந்து நின்றது. ஒரு சீமந்தத்தில் சாப்பிட்ட பழத்தின் ருசி மறக்காமல், அதன் கொட்டையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து தில்லையம்மாள் ஊன்றியது. கயா போய்வந்த அடுத்த கோடையில்தான் முதல் காய்ப்பு. அவள் அதற்குத் தண்ணீர் ஊற்றினாள், எரு வைத்தாள், அணிலை விரட்டினாள், வைக்கோலில் பழுக்க வைத்தாள். பழுத்ததைத் தெரு முழுக்கக் கொடுத்தாள். ஒன்றையும் வாயில் வைத்ததில்லை. சாப்பிட்டவர்களின் முகத்தைப் பார்த்தபடி, எப்படி இருக்குது என்று மட்டும் கேட்பாள். தேன் என்பார்கள். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். கூடவே பொன்னுரங்கமும் போவார். தம் வீட்டிலிருந்து போவது எதுவும் தாமே முன்னின்று கொடுப்பதாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

தில்லையம்மாள் கண்ணைத் திறந்தாள். உதடு அசைந்தது. பொன்னுரங்கம் குனிந்தார்.

"என்னாங்க. பழம் வாசம் வந்துடுச்சு. எல்லாருக்கும் குடுத்தீங்களா?"

இன்னும் இல்லை. ஆனாலும் அவர், "குடுத்தாச்சு" என்றார். அவர் வாயிலிருந்து பொய் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"எப்படி இருக்குதாம்?"

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பார்த்த அதே பார்வை.

பொன்னுரங்கம் எழுந்தார். சாமான் அறைக் கதவைத் திறந்து, வைக்கோலுக்குள் கைவிட்டு, காம்போரம் அமுக்கி அமுக்கிப் பார்த்து ஒன்றை எடுத்தார். அவள் செய்வதைப் பார்த்த பழக்கம். கழுவி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக் கசக்கியபடி திரும்பி வந்தார்.

"அண்ணே, கயாவுல விட்டதாச்சே" என்றாள் கொளஞ்சியம்மாள். பால் டம்ளர் அவள் கையிலேயே நின்றது.

"விட்டது நான். அவளை யாரும் கேக்கல."

"பெரியவங்க காரியம்…"

"கணக்குக் கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

நகத்தால் பழத்தின் நுனியைக் கிள்ளி, அவளுடைய உதட்டின் மேல் பிடித்து அழுத்தினார். ஒரு சொட்டு இறங்கியது. இன்னொரு சொட்டு. தில்லையம்மாளின் நாக்கு மெல்லத் துழாவியது. தொண்டை ஏறி இறங்கியது. நெற்றி சுருங்கி, ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"என்னா? எப்படி இருக்குது?" அந்தக் கேள்வியை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை.

"புளிக்குதுங்க."

பழனிவேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தேன்னாங்களே எல்லாரும்" என்றாள் தில்லையம்மாள். அவள் வயிறு லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சிரிப்பு அடங்கியதும் மறுபடியும் வாயைத் திறந்தாள், குஞ்சு திறப்பதுபோல. அவர் பிழிந்தார். பாதிப் பழம் வரைக்கும் உள்ளே போனது.

வெயில் தாழ்வதற்குள் அவள் போய்விட்டாள்.

வந்தவர்கள் எல்லாரும் மாம்பழத்தைப் பற்றிப் பேசினார்கள். தில்லையம்மா கை பட்ட மரம், அந்த இனிப்பு இனி எங்கே வரும் என்று சொல்லி அழுதார்கள். பொன்னுரங்கம் வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் தொட்டு அனுப்பினார். இருட்டுவதற்கு முன்பே வெள்ளாற்றங்கரைக்கு எடுத்துப் போய் முடித்தார்கள்.

மறுநாள் காலை பால் தெளிக்கப் போனபோது, ஆற்று மணலில் நடந்தபடி அவர் பழனிவேலிடம் கேட்டார்.

"எப்பலேர்ந்து புளிப்பு?"

பழனிவேல் கையிலிருந்த பால் செம்பைப் பார்த்துக்கொண்டே வந்தான். "மொதக் காய்ப்புலேர்ந்தே அப்படித்தான் மாமா. கொட்டையிலேர்ந்து வந்த மரம். எப்படிப் போவும்னு யாருக்குத் தெரியும்?"

"தெரு பூரா தெரியுமா?"

"தெரியும்."

"ஒருத்தரும் சொல்லலியே."

"அக்கா மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படி மாமா சொல்றது? அது வாயில வெக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும்." சற்றுத் தயங்கிச் சொன்னான். "நீங்க வேற பின்னாடியே நிக்கிறீங்க."

பொன்னுரங்கத்தின் நடை கொஞ்சம் தளர்ந்து, மறுபடி சரியானது.

பாலைத் தெளித்து, சாம்பல் ஓரத்தில் இலை விரித்து, தில்லையம்மாளுக்குப் பிடித்ததையெல்லாம் படைத்தார்கள். வெற்றிலை, காப்பி, முறுக்கு. வினோதினி பையில் எடுத்து அனுப்பியிருந்த மாம்பழத்தைப் பழனிவேல் இலையில் வைக்கப் போனான். பொன்னுரங்கம் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். உள்ளங்கையில் உருட்டிக் கசக்கி, நுனியைக் கிள்ளி, அழுத்திப் பார்த்து, அப்புறம்தான் இலையில் வைத்தார். சாறு அவர் விரலிடுக்கில் இறங்கி மணிக்கட்டு வரை வழிந்தது.

பழனிவேல் செம்பில் ஆற்றுத் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தான். "கையை நீட்டுங்க மாமா."

"அப்புறம் கழுவிக்கிறேன்."

திரும்பி நடந்தார். முதுகு எப்போதும்போல நிமிர்ந்திருந்தது. அந்தக் கையை மட்டும் வேட்டியில் படாமல் சற்றுத் தள்ளிப் பிடித்திருந்தார். ஈ ஒன்று அதைச் சுற்றிக்கொண்டே கரை வரைக்கும் கூட வந்தது. அவர் விரட்டவில்லை.