பாய் கிடந்த இடம்

செஞ்சி கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்த சம்பந்தம், வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, மாடித் தாழ்வாரத்துப் பலகைகளுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து ஒரு சுவருக்குச் சுண்ணாம்புகூட அடித்தறியாத மனுஷன். எண்ணெய் பட்ட விரலெல்லாம் கொப்புளித்திருந்தது. கூலிக்கு ஆள் கிடைக்காமல் இல்லை. ஆள் மாடிக்கு வந்தால் அவர் மனைவி மங்கையைப் பார்ப்பான், அவள் இருமுவதைக் கேட்பான். மறுநாளே கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். சயரோகக்காரி வீட்டுப் புளியையும் பருப்பையும் யார் வாங்குவார்கள்? அவள் பனமலைக்கு, அம்மா வீட்டுக்குப் போயிருப்பதாகத்தான் ஊருக்குச் சொல்லியிருந்தார்.

திண்டிவனத்து டாக்டர் ஊசியெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, "இனிமே நல்ல காத்து படட்டும், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டில் காற்று வருகிற இடம் பின்பக்கத்து மரத் தாழ்வாரம் ஒன்றுதான். போன மழையில் ஊறி, அதன் ஓரத்துப் பலகைகள் உளுத்துப்போக ஆரம்பித்திருந்தன. கடைக்கு வந்த தச்சர் பச்சமுத்துவிடம் சம்பந்தம் பேச்சோடு பேச்சாக விசாரித்தார்.

"முந்திரிக்கொட்டை எண்ணெய வெய்யில்ல ரெண்டு கை அடிங்க மொதலாளி. கரையான் கிட்டயே வராது. பத்து வருசத்துக்குப் பேச்சே இல்ல."

பத்து வருஷம் என்ற சொல் சம்பந்தத்துக்கு இனித்தது. பலகைக்குப் பத்து வருஷம் என்றால், அதன்மேல் படுத்திருப்பவளுக்கும் அதில் கொஞ்சம் ஒட்டாதா என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு.

ஆனால் புரட்டாசி வானம் மூடியே கிடந்தது. பூசியது காயாமல் பிசுபிசுத்தது. உள்ளே படுத்தால் மங்கைக்கு மூச்சு முட்டும், வெளியே படுத்தால் எண்ணெய் நெடியில் இருமல் வரும். இருமலே பரவாயில்லை என்று அவள் நடுவில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டாள். அவர் கோயில் பிராகாரம் சுற்றுகிறவர் மாதிரி அவளைச் சுற்றிச் சுற்றிப் பூசினார்.

"இன்னாத்துக்கு இவ்ளோ பாடு?" என்றாள் மங்கை. "அடுத்த மழைக்கு இங்க நானா படுத்திருக்கப் போறேன்?"

"வாயக் கழுவு. பத்து வருசம் தாங்குமாம்."

"பலகை தாங்கும்."

அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மாலையில் காற்று நின்றது. மேற்கே ராஜகிரி மலை, கோட்டையும் தானுமாக மழை இருட்டில் மறைந்துவிட்டது. மங்கை எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. இருமலில் வந்த ரத்தத்தை முந்தானையில் துடைத்து அவசரமாக மடித்துக்கொண்டாள். அவர் பார்த்துவிட்டார். அவளைத் தூக்கியபோது கனமே இல்லை. நாள் தவறாமல் மூட்டை தூக்கிய கைகளுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்.

"பாயைச் சுருட்டிட்டு, மழ வரதுக்குள்ள அந்த எடத்தையும் அடிச்சிடுங்க" என்றாள். "இனிமே நான் அங்க வரல."

வெளியே வந்து பாயைச் சுருட்டினார். கறுத்த பலகைகளுக்கு நடுவே, ஓர் ஆள் நீளத்துக்கு வெளுப்பாகக் கிடந்தது. துணிச்சுருளை எண்ணெயில் தோய்த்துக்கொண்டு குந்தினார். கை இறங்கவில்லை. பூசிவிட்டால் அவள் சொன்னதை ஒப்புக்கொண்டதாகிவிடும். காய்வதற்கு நாள் கணக்காகும். காய்ந்த பிறகு யார் வந்து படுப்பது? அதற்குமேல் நினைக்க அவருக்குத் தைரியம் இல்லை.

தூறல் விழுந்தது. பூசிய பலகைகளில் துளிகள் நிற்காமல் உருண்டு ஓடின. வெளுத்த இடத்தில் விழுந்தவை அப்படியே உள்ளே இறங்கின.

"அடிச்சிட்டீங்களா?" உள்ளேயிருந்து மங்கை கேட்டாள்.

"அடிச்சிட்டேன்" என்றார்.

கையிலிருந்த துணி அவர் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. மழை பிடித்துக்கொண்டது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடமும் கொஞ்சம் கொஞ்சமாக நனைந்து, மற்றப் பலகைகளைப் போலவே கறுத்துக்கொண்டு வந்தது.