இரண்டு கார், ஒரே எண்

ஆக்சிலியாவுக்குச் சனிக்கிழமை என்றால் திருநள்ளாறுதான். கும்பிட அல்ல, அவள் மாதாகோயில் பெண். சனீஸ்வரனைப் பார்க்க எந்தெந்த ஊரிலிருந்தோ வருகிற வண்டிகளைப் பார்க்கத்தான் போவாள். வாகன நிறுத்தத்தில் நூற்றுக்கணக்கில் நிற்கும் கார்களுக்கு நடுவே எங்காவது ஒரு பழைய அம்பாசிடரோ பியட்டோ ஒளிந்திருக்கும். மூன்று எழுத்தும் நான்கு இலக்கமுமாய், கறுப்புத் தகட்டில் கையால் எழுதிய பழைய நம்பர் பிளேட் ஒன்று கேமராவில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடே வேண்டாம். வாரம் முழுக்கக் காரைக்காலில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் குனிந்தே கிடப்பவளுக்கு அது ஒன்றுதான் பொழுதுபோக்கு. கணவன் ஜான்பீட்டரும் கேலி செய்வானே தவிரத் தடுத்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். கடைசி வரிசையில், புங்கமரத்தடியில், வெள்ளை அம்பாசிடர் ஒன்று நின்றது. முன்பக்கம் மூன்று படம் எடுத்தாள். நான்காவதுக்கு எண்ணைக் கூர்மையாக்கும்போது கை அப்படியே நின்றுவிட்டது.

4172. முன்னால் உள்ள எழுத்துகளும் அதேதான்.

இரண்டு மாதத்துக்கு முன் குரும்பகரத்தில் சிவநாதன் வீட்டுக் கொட்டகையில் இதே எண்ணைப் படம் எடுத்திருந்தாள். மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பா வாங்கிய வெள்ளை பியட்டை விற்க மனமில்லாமல், சக்கரத்தைக் கழற்றிச் செங்கல்மேல் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்த எண் இந்த அம்பாசிடரில் எப்படி வந்தது? பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். எழுத்து பழைய பாணி, பெயிண்ட் மட்டும் புதுசு.

"என்னங்க, வண்டி புடிச்சிருக்கா?"

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஐம்பது வயது இருக்கும். குளித்த தலை ஈரம் காயாமல், நெற்றியில் சந்தனத்தோடு ஒருவன் சிரித்துக்கொண்டு நின்றான்.

"பழைய வண்டின்னா படம் எடுப்பேன். சும்மா ஆசைக்கு."

"குடுங்க, பாப்போம்." அவள் கொடுப்பதற்குள் கேமரா அவன் கைக்குப் போயிருந்தது. ஒவ்வொரு படமாக நிதானமாகப் பார்த்தான். அடியில் இருந்த சின்ன மூடியைத் திறந்து மெமரி கார்டை எடுத்தான். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மடக்கினான். பட்டென்று சின்ன சத்தம். கேமராவைத் துடைத்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான்.

"கோயிலுக்கு வந்தா சாமியப் பாருங்க. நீல ஸ்கூட்டர்தானே உங்களோடது? நானும் உங்க நம்பரப் பாத்து வச்சிக்கிட்டேன்."

குரல் கடைசிவரை உயரவே இல்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது. ஸ்கூட்டர் வரைக்கும் எப்படி நடந்தாள், காரைக்கால் வரைக்கும் எப்படி ஓட்டினாள் என்று பிறகு யோசித்தபோது அவளுக்கு ஒன்றுமே நினைவில் இல்லை.

வீட்டில், கார்டு கீழே விழுந்து உடைந்துவிட்டது என்று சொன்னாள். குரும்பகரத்தில் எடுத்த படமும் அதோடு போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று தெரியாது. பின்வரிசையில் இருமுகிற ஒவ்வொருவரும் அவனாகவே இருந்தார்கள். திங்கட்கிழமை பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் கொடுக்க வந்த ஒருவரின் நெற்றியில் சந்தனத்தைப் பார்த்துவிட்டு ஊசியைக் கீழே போட்டாள். சிவநாதனுக்குச் சொல்ல வேண்டும் என்று தினமும் போனை எடுத்தாள். அவர் போலீசுக்குப் போவார். யார் சொன்னது என்று கேட்பார்கள். தன் பெயர் வரும். போனை வைத்துவிடுவாள்.

வியாழக்கிழமை மதியம் போன் வந்தது. சிவநாதனின் மனைவி அஞ்சுகம்.

"ஆக்சிலியா, எங்க காரைப் போட்டோ புடிச்சீல்ல, அந்தப் படம் இருக்காம்மா? இவங்களை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நேத்து சாயங்காலம் வெள்ளைக் காரு ஒண்ணு, பூ விக்கிற பொம்பளைய அடிச்சிப் போட்டுட்டு நிக்காமப் போயிருக்கு. பாத்தவங்க நம்பரை எழுதிக் குடுத்திருக்காங்க. அது எங்க நம்பராம்."

"வண்டிதான் செங்கல் மேல நிக்குதேக்கா?"

"போன வாரந்தான் சக்கரம் மாட்டுனாங்க. நேத்து ஓட்டியும் பாத்துட்டு வந்தாங்க. அதாம்மா வினையாப் போச்சு."

"அந்தம்மா... பூ விக்கிறவங்க?"

"உசுரு இருக்கு. ரெண்டு காலும் போச்சுன்னு சொல்றாங்க."

ஆக்சிலியா கூடத்தின் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். சனிக்கிழமையே வாயைத் திறந்திருந்தால் அந்த வண்டி புதன்கிழமை வெளியே வந்திருக்குமா? அதை நினைத்தபோது, இதுவரை இருந்த பயம் போகவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

ஜான்பீட்டரை வரவழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டேஷனுக்குப் போகப்போகிறேன் என்றாள்.

"ஆக்சி, படமும் இல்ல. வெறும் வாயால சொல்லி யாரு நம்புவா? நம்ம வீடு அவனுக்குத் தெரிஞ்சிருந்தா?"

"தெரிஞ்சிருக்கும்னுதான் நெனைக்கிறேன்."

"அப்புறம் எதுக்குப் போற?"

"அந்த நம்பர்ல இன்னொரு காரைப் பாத்தது நான் ஒருத்திதாங்க. நான் சொல்லலன்னா வேற யாரு சொல்லுவா?"

அவன் பைக் சாவியை எடுத்தான்.

காவல் நிலையத்தில் சிவநாதன் மூலையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அவளைக் கண்டு எழுந்திருக்கப் பார்த்தார், முடியாமல் உட்கார்ந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டே போனார். பெயர், கணவர் பெயர், வீட்டு முகவரி. முகவரியைச் சொல்லும்போது அவள் குரல் உள்ளே போய்விட்டது. சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். இரண்டு முறை சொன்னாள்.

"சனிக்கிழமை பாத்துட்டு இன்னைக்குத்தான் வர்றீங்க?"

"பயந்துட்டேன் சார்."

அவர் எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் வாகன நிறுத்தத்துக் கண்காணிப்புக் கேமராப் பதிவைக் கேட்டு ஆள் அனுப்பினார். இருட்டுவதற்குள் பதிவு வந்தது. புங்கமரத்தடியில் வெள்ளை அம்பாசிடர், பின்னால் அதே எண். பக்கத்தில் குனிந்து நிற்கும் அவள். அவள் முதுகுக்குப் பின்னால் நடந்து வரும் ஒருவன். ஆக்சிலியா தன் முதுகைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவநாதனை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அஞ்சுகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இந்தக் கைக்கு நான் தகுதியானவள் இல்லை என்று ஆக்சிலியாவுக்குத் தோன்றியது.

நான்கு நாள் கழித்து, கிளிஞ்சல்மேட்டுக்குப் போகும் வழியில் சவுக்குத் தோப்புக்குள் அந்த அம்பாசிடர் கிடைத்தது. முன் விளக்கு உடைந்திருந்தது. பின் இருக்கையைப் பெயர்த்துவிட்டு, அந்தப் பள்ளம் நிறையச் சாராயப் பெட்டி அடுக்கும்படி செய்திருந்தார்கள். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குச் சரக்குக் கடத்தும் கூட்டம். மூலையில் கிடக்கும் பழைய கார்களின் எண்ணாகப் பார்த்து எடுத்துத் தங்கள் வண்டியில் எழுதிக்கொள்வார்களாம். இரண்டு பேர் பிடிபட்டார்கள்.

அடையாளம் காட்ட அவளை மறுபடி அழைத்தார்கள். இன்ஸ்பெக்டர் மேசைமேல், பிடிபட்டவர்களின் படமும் சேர்த்து, ஒன்பது படங்களைப் பரப்பினார். ஒவ்வொன்றின்மேலும் விரலை வைத்து மெதுவாகப் பார்த்தாள். ஒன்பதாவதையும் பார்த்துவிட்டு விரலை எடுத்துக்கொண்டாள்.

"இல்ல சார். இதுல அவன் இல்ல."

"நல்லாப் பாருங்க."

"அந்த மூஞ்சிய மறக்க முடியாது சார். இல்ல."

அவர் படங்களை அடுக்கி உறைக்குள் போட்டார். "அவன் வெளியிலதான் இருக்கான். மறைச்சுப் பிரயோசனம் இல்ல. உங்க தெருவுல ரோந்து போகச் சொல்றேன். கோர்ட்டுன்னு வந்தா நீங்கதான் சாட்சி. வருவீங்களா?"

வெளியே பைக் பக்கத்தில் ஜான்பீட்டர் நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் சாலையில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஆக்சிலியா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"கூப்பிடுங்க சார்," என்றாள். "வர்றேன்."